மடோகா மாகிகா: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சனிக்கிழமை டியூசன் முடிந்ததும் படிவம் இரண்டு முதல் ஐந்து வரையுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து அனிமே என்ற ஜப்பானியக் கார்ட்டூன் பார்ப்பது எங்களிடம் ஒரு பழக்கமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளும் வருவார்கள், டாமான் எனும் குடியிருப்புப் பகுதிப் பிள்ளைகளும் வருவார்கள். கூட்டிப்போக வரும் அம்மா அப்பா சிலர் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் மோட்டாரை அணைத்துவிட்டு உள்ளே வந்தே உட்கார்ந்துவிடுவார்கள். 'மடோகா மாகிகா' தொடரைப் போட ஆரம்பித்த பிறகு ஒரே சந்தேகங்கள் வாட்சாப்பிலும் கோயில் வாசலிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆறாம் கேள்வி வரை கதையின் முடிச்சு எதையும் அவிழ்க்கவில்லை. ஏழிலிருந்து எல்லாம் வெளிப்படையாக வரும். இன்னும் பார்க்காதவர்கள் ஆறோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. "டீச்சர், இது என்ன கதை? சுருக்கமா சொல்லுங்க."

மிதாகிஹாரா என்ற கற்பனை நகரத்தில் மடோகா என்றொரு பெண். வயது 14, நம் கணக்கில் படிவம் இரண்டு. கியூபே என்ற வெள்ளைக் குட்டிப் பிராணி அவளிடமும் அவள் தோழி சாயாகாவிடமும் வந்து, ஆளுக்கு ஓர் ஆசை சொல்லுங்கள், எதுவானாலும் நிறைவேற்றித் தருகிறேன் என்கிறது. பதிலுக்கு அவர்கள் மந்திரப் பெண்களாகி, சூனியக்காரிகளோடு சண்டை போட வேண்டும். அதே வகுப்புக்குப் புதிதாக வந்த ஹோமுரா என்ற பெண் மட்டும், எக்காரணம் கொண்டும் ஒப்புக்கொள்ளாதே என்று மடோகாவைத் தடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஏன் தடுக்கிறாள் என்பதில்தான் கதை இருக்கிறது.

2011-இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் வந்த தொடர் இது. ஷாஃப்ட் நிறுவனத்தின் தயாரிப்பு. இயக்கியவர் அகியுகி ஷின்போ, எழுதியவர் கென் உரோபுச்சி, இசை யுகி கஜியுரா. வட்ட முகமும் பெரிய கண்ணுமாக அந்தப் பிள்ளைகளை வடிவமைத்தவர் உமே அவோகி. ஜப்பானின் ஊடகக் கலை விழாவில் அந்த ஆண்டு அனிமேஷன் பிரிவின் முதல் பரிசும் இதற்குத்தான்.

2. "பார்க்க பொம்மைப் படம் மாதிரிதானே இருக்கு. என் மக ஆண்டு மூணு படிக்கிறா, காட்டலாமா?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்பு நிறத்தையும் ரிப்பனையும் பார்த்து ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பெண் கட்டடத்திலிருந்து குதிக்கிறாள். நான்காம் அத்தியாயத்தில் ஒரு கூட்டமே சேர்ந்து உயிரை விடப் பார்க்கிறது. இரண்டும் சூனியத்தின் வேலை என்று கதை சொன்னாலும் காட்சி காட்சிதான். மூன்றாம் அத்தியாயத்தில் எதிர்பாராமல் ஒரு மரணம் வருகிறது. ஜப்பானிலேயே இதை நள்ளிரவு தாண்டித்தான் ஒளிபரப்பினார்கள்.

என் அளவுகோல் படிவம் இரண்டு. அதுவும் பெரியவர் ஒருவர் கூட உட்கார்ந்தால்தான். பிள்ளை ஏற்கெனவே மனம் நொந்து, யாரிடமும் பேசாமல் இருக்கும் நேரமென்றால் வயது எதுவானாலும் தள்ளிப்போடுங்கள்.

சின்னவளுக்கு 'கார்ட்கேப்டர் சகுரா' போடுங்கள். 1998 முதல் 2000 வரை வந்தது, 70 அத்தியாயங்கள். அதில் வரும் சகுராவுக்கும் வயது பத்துதான். ரோலர் ஸ்கேட் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், சிதறிப்போன மந்திர அட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்ப்பாள். அம்மா இல்லாத வீடு அது. ஆனால் அப்பாவும் அண்ணனும் சமைத்து, பேசி, கவனித்துக்கொள்ளும் வீடு. பயமில்லாமல் காட்டலாம்.

3. "இதுக்கு முன்னாடி சைலர் மூன் எல்லாம் பாத்திருக்கணுமா?"

கட்டாயம் இல்லை. ஆனால் பார்த்தவர்களுக்கு அடி பலமாக விழும்.

மந்திரச் சிறுமி அனிமே 1966-இல் 'சாலி' என்ற குட்டிச் சூனியக்காரியோடு தொடங்கியது. 1992-இல் நவோகோ தாகேயுச்சியின் சித்திரக்கதையிலிருந்து 'சைலர் மூன்' வந்தது. ஐந்து பருவங்கள், 200 அத்தியாயங்கள். தனியாகச் செய்த மந்திரம் ஐந்து தோழிகள் சேர்ந்து போடும் சண்டையாக மாறியது அதில்தான். 2004-இல் 'பிரிட்டி கியூர்' தொடங்கி, பெரும்பாலும் ஆண்டுக்கொரு புது அணியாக இன்றுவரை ஓடுகிறது. பேசும் செல்லப்பிராணி சக்தி தரும், உடை மாறும், ஒரு மூத்த அக்கா வழிகாட்டுவாள், நட்பு ஜெயிக்கும் என்பதெல்லாம் இவற்றால் நமக்குப் பழகிப்போனவை. மடோகா மாகிகா அந்தப் பழக்கம் ஒவ்வொன்றின் மீதும் கை வைக்கிறது.

90-களில் சைலர் மூன் பார்த்து வளர்ந்த ஓர் அக்கா இரண்டாம் அத்தியாயம் முடிந்ததும் என்னிடம் வந்து, "லூனா பூனை உசாகிகிட்ட ஒருநாளும் எதையும் எழுதி வாங்கலையே" என்று முகம் மாறிக் கேட்டார். உசாகிதான் சைலர் மூன், லூனா அவளுக்குச் சக்தி தரும் பேசும் பூனை. அந்தச் சந்தேகம் அவருக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் வந்தது.

4. "சீரியலா படமா? எதை முதல்ல பாக்கணும்?"

12 அத்தியாயத் தொடரை முதலில் பாருங்கள். 2012-இல் வந்த இரண்டு படங்களும் அதே கதையைச் சுருக்கித் திரும்பச் சொல்பவைதான், அவசியமில்லை. 2013-இல் வந்த 'ரெபெல்லியன்' புதிய கதை, தொடர் முடிந்த இடத்திலிருந்து போகிறது. அதைத் தொடருக்கு முன்னால் பார்த்துவிடாதீர்கள். 2020-இல் தொடங்கிய 'மாகியா ரெக்கார்ட்' வேறொரு நகரத்தில் நடக்கும் கிளைக்கதை, விருப்பப்பட்டால் பார்க்கலாம்.

நாங்கள் ஜப்பானிய ஒலியில் ஆங்கில வசனவரியோடு பார்க்கிறோம், புரியாத இடத்தில் நிறுத்திப் பேசுகிறோம். யூடியூப்பில் தேடாதீர்கள், தலைப்புப் படங்களே கதையைக் கொட்டிவிடும்.

5. "சூனியக்காரி, பில்லி சூனியம்னு சொல்றாங்களே. வீட்ல சாமி இருக்கு, பிள்ளைங்க இத பாக்கலாமா?"

பாட்டிகள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. தோட்டத்து முனியாண்டி கோயில் பக்கம் உச்சிவெயிலில் போகாதே என்று சொல்லி வளர்த்தவர்கள் அவர்கள். பயம் பொய்யில்லை என்று அவர்களுக்குத் தெரியும்.

இதில் வரும் சூனியக்காரிகள் மருந்து வைப்பவர்களோ ஆவிகளோ அல்லர். இவர்களை யாரும் கும்பிடுவதில்லை, இவர்களுக்குப் பூசையும் இல்லை. தாங்க முடியாத துக்கம் ஒன்று உருவம் எடுத்துத் தனக்கென ஒரு மாயக்கூடத்தைக் கட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கிறது, அவ்வளவுதான். இனு கரி என்ற இருவர் குழு அந்தக் கூடங்களை வடிவமைத்தது. வெட்டிய காகிதம், லேஸ் துணி, பழைய படங்கள், மிட்டாய், கத்தரிக்கோல் என்று ஒட்டி ஒட்டிச் செய்திருக்கிறார்கள். சுவரில் விசித்திரமான எழுத்துகள் தெரியும். ரசிகர்கள் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டார்கள். உள்ளே இருந்தது ஜெர்மன் மொழி. ஆசைக்காக ஆன்மாவை விற்கும் ஃபாஸ்ட் நாடகத்து வரிகள் சிலவும் அதில் இருந்தன. யாருடைய சாமியையும் இந்தத் தொடர் தொடவில்லை. வேண்டுதலைப் பற்றி மட்டும் நிறையப் பேசுகிறது, அதை எட்டாம் கேள்வியில் பார்க்கலாம்.

6. "முதல் ரெண்டு எபிசோடும் ஒரே மெதுவா போகுது லா. எப்ப சூடு பிடிக்கும்?"

மூன்றாவது முடியும்வரை பொறுங்கள். அந்த இரண்டும் வீணில்லை. தொடர் முடிந்த பிறகு திரும்ப ஓட்டிப் பாருங்கள், கியூபே சொல்லும் ஒவ்வொரு வாக்கியத்திலும் எது சொல்லப்படவில்லை என்பது காதில் விழும். ஹோமுரா மடோகாவைப் பார்க்கும் பார்வையும் அப்போதுதான் விளங்கும்.

7. "மாமிய ஏன் அவ்வளவு சீக்கிரம் சாகடிச்சாங்க? அநியாயம்."

மூன்றாம் அத்தியாயத்தில் தோமோயே மாமி என்ற மந்திரப் பெண் இறக்கும்போது எங்கள் அறையில் யாரும் தட்டில் இருந்த பிஸ்கெட்டைக்கூட எடுக்கவில்லை. அவள்தான் மூத்தவள், திறமைசாலி, தேநீரும் கேக்கும் வைத்து உபசரிப்பவள். இனி நான் தனியாளில்லை என்று அவள் மனம் லேசான மறுகணமே அது நடக்கிறது.

அதிர்ச்சி கொடுக்க மட்டும் செய்தது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. மாமியின் ஆசை என்ன என்று கவனியுங்கள். கார் விபத்தில் நசுங்கிக் கிடந்தபோது கியூபே வந்தது, அவள் உயிரைக் கேட்டாள். யோசிக்க ஒரு நொடி இல்லை. அப்படிப்பட்டவள்தான் மற்ற இருவரையும், நன்றாக யோசித்து முடிவெடுங்கள் என்று கூடவே கூட்டிக்கொண்டு போகிறாள். தனக்குக் கிடைக்காத அவகாசத்தை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்த்தாள். அவள் போன பிறகு அதைக் கொடுக்க அங்கே யாருமில்லை.

8. "கியூபே ஒரு பொய்கூட சொல்லலையே. அப்புறம் ஏன் எல்லாரும் அத திட்டுறீங்க?"

அதிகம் வரும் கேள்வி இதுதான், அதனால் பதிலும் நீளம். கியூபே பொய் சொல்லவில்லை என்பது உண்மை. ஒப்பந்தம் போட்டதும் அந்தப் பெண்ணின் உயிர் உடலிலிருந்து பிரிந்து ஒரு கல்லுக்குள் போய்விடுகிறது. கல் நூறு மீட்டர் தாண்டிப் போனால் உடல் வெறும் சடலம். மடோகா சாயாகாவின் கல்லைப் பாலத்திலிருந்து வீசியபோதுதான் அது தெரியவருகிறது. அந்தக் கல் துக்கத்தால் கறுத்து முடிந்தால் அவளே சூனியக்காரியாகிறாள். அதாவது இத்தனை நாள் இவர்கள் கொன்றுகொண்டிருந்தது தங்களைப் போன்ற பெண்களையே. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறது அது. 14 வயதுப் பிள்ளை, 'என் உயிரை எங்கே எடுத்து வைப்பாய்' என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும் என்பது அதன் நியாயம்.

நம் வீடுகளில் வேண்டுதல் புதிதில்லை. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுக்கிறோம், காவடி எடுக்கிறோம், மொட்டை போடுகிறோம். அதில் என்ன தருவேன் என்று சொல்வது வேண்டிக்கொள்பவர். காரியம் நடந்த பிறகு, எல்லார் முன்னாலும், தெரிந்த கடனைத் தெரிந்தே கட்டுகிறார். கியூபேயிடம் ஆசையை மட்டும்தான் அந்தப் பெண் சொல்கிறாள். விலையை எதிர்ப்பக்கம் முடிவு செய்கிறது, முடிவு செய்ததைச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறது. பாட்டிகள் சிலருக்கு இந்த வித்தியாசத்தைச் சொன்னதும் ஐந்தாம் கேள்வியின் பயம் போய், கோபம் வந்துவிட்டது.

நம் ஊருக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கம். நம் முன்னோர் பலர் இங்கே வந்ததே கைநாட்டு வைத்துத்தான். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது அதன் பிறகும் நடந்தது, இந்திய அரசு 1938-இல் தடை போடும்வரை. வேலைக்கு இறங்கும் தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. கப்பலேறும் முன் சொன்னது ஒன்று, தோட்டத்தில் காலை ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றபோது கண்டது வேறொன்று. பதினோராம் அத்தியாயத்தில் கியூபே மடோகாவிடம், நாங்கள் வராமல் இருந்திருந்தால் மனிதர்கள் இன்னும் குகையில்தான் இருந்திருப்பார்கள் என்கிறது. செம்பனை ஆலையில் வேலை செய்யும் ஓர் அப்பா அதைக் கேட்டுவிட்டு, "எங்க தாத்தாகிட்ட தொரைங்க இதத்தான் சொன்னாங்களாம்" என்றார். இன்றைக்கும் கந்துவட்டிக்கு விடும் ஆலோங்கிடம் கையெழுத்துப் போடும் பையனிடம் யாரும் பொய் சொல்வதில்லை. வட்டி எப்படி ஏறும் என்று அவன் கேட்பதில்லை, அவர்கள் சொல்வதில்லை. பிள்ளைகளுக்கு இந்தத் தொடரை நான் காட்டுவதற்கு முதல் காரணமே இதுதான்.

9. "ஆனா அது பிரபஞ்சத்தையே காப்பாத்தத்தானே செய்யுது? கணக்குப்படி சரிதானே?"

படிவம் நான்கு, ஐந்து அறிவியல் பிரிவுப் பையன்கள் விடாமல் கேட்பது. பிரபஞ்சத்தின் சக்தி குறைந்துகொண்டே போகிறது, நம்பிக்கையில் இருந்த பெண் நிராசையில் விழும் கணத்தில் அதை ஈடுகட்டும் சக்தி பிறக்கிறது என்கிறது கியூபே. கணக்கை மட்டும் பார்த்தால் சில பேர் போய்ப் பல கோடிப் பேர் பிழைக்கிறார்கள்.

கொடுப்பவரிடம் அந்தக் கணக்கைக் காட்டினார்களா என்று நான் திருப்பிக் கேட்பேன். ஒன்பதாம் அத்தியாயத்தில் உண்மையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, பிரபஞ்சத்துக்காகச் சாக மனம் வந்தால் கூப்பிடு என்று மடோகாவிடம் சொல்லிவிட்டுப் போகிறது. இந்த வரியை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும், அதனால்தான் சொல்லவில்லை.

இன்னொன்று. கடைசி அத்தியாயத்துக்குப் பிறகு சூனியக்காரிகளே இல்லாத உலகத்திலும் கியூபேக்குச் சக்தி கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, கொஞ்சம் குறைவாக. வேறு வழியே இல்லை என்று சொன்னவர்களுக்கு வேறு வழி இருந்திருக்கிறது. லாபம் குறையும், அவ்வளவுதான்.

10. "சாயாகா முட்டாள்தானே? கேவலம் ஒரு பையனுக்காக உயிர விட்டுட்டா."

'முட்டாள்' என்ற தீர்ப்பு எனக்கு வலிக்கிறது. வயலின் வாசிக்கும் கியோசுகேயின் கை செயலிழந்துபோகிறது. அதைக் குணமாக்கச் சொல்லி சாயாகா தன் ஒரே ஆசையைக் கொடுத்துவிடுகிறாள். அவனிடம் சொல்லவும் இல்லை. பிறகு தன் உடல் வெறும் கூடு என்று தெரிந்ததும், இப்படி ஆன நான் என்னைக் காதலி என்று அவனிடம் எப்படிக் கேட்பேன் என்று ஒடுங்கிப்போகிறாள். தோழி ஹிதோமி, ஒருநாள் அவகாசம் தருகிறேன், நீ முதலில் சொல் என்று நேர்மையாகத்தான் கேட்கிறாள். அந்த நேர்மையே சாயாகாவை உடைத்துப்போடுகிறது.

எட்டாம் அத்தியாயத்தில் ரயிலில் இரண்டு ஆண்கள், தங்களுக்காகச் சம்பாதித்துக் கொடுக்கும் பெண்ணை எப்படிப் பிழிந்துவிட்டு உதறுவது என்று பேசிக்கொண்டு வருகிறார்கள். இப்படிப்பட்டவர்களுக்காகவா நான் சண்டை போடுகிறேன் என்று அவள் கேட்கும் இடத்தில் எங்கள் அறையில் பெண்பிள்ளைகள் யாரும் பேசவில்லை. அவள் விழுந்தது கியோசுகேக்காக மட்டுமில்லை. நல்லது செய்தால் நல்லது திரும்பி வரும் என்ற கணக்கு அவளுக்கு இருந்தது, அது வரவில்லை, அந்த ஏமாற்றத்தை வாய்விட்டுச் சொல்ல அவள் கௌரவம் விடவில்லை. தப்பு அவளிடமும் இருக்கிறது: உதவ வந்த மடோகாவை அவள் கடிக்கிற கடி கொஞ்சமில்லை. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் செய்துவிட்டு, எனக்கென்று எதுவும் வேண்டாம் என்று சொல்லியே தேய்ந்துபோகும் பெண்களைத் தெரிந்தவர்கள் அவளை முட்டாள் என்று சொல்லமாட்டார்கள்.

11. "கியோகோ கெட்டவளா நல்லவளா?"

கியோகோ பிறகு வந்து சேரும் இன்னொரு மந்திரப் பெண். பசியை அறிந்தவள். அப்பா போதகர், அவர் சொல்வதை எல்லாரும் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் குடும்பத்தையே இழந்தவள். அதற்குப் பிறகு பிறருக்காக எதுவும் செய்வதில்லை என்று இறுகிப்போனாள். அப்படிப்பட்டவள்தான் சூனியக்காரியாகிவிட்ட சாயாகாவைத் தனியாக விடமாட்டேன் என்று கூடவே போய்விடுகிறாள். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இவளைத்தான் அதிகம் பிடிக்கும், எனக்கும்தான்.

12. "ஹோமுரா பண்றது அன்பா வெறியா?"

பத்தாம் அத்தியாயம் பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிவது வழக்கம். முதன்முதலில் அவள் இரட்டைப் பின்னலும் கண்ணாடியுமாக, இதய நோயால் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த கூச்ச சுபாவி. மடோகா அவளைக் காப்பாற்றி இறந்துபோகிறாள். அவளால் காப்பாற்றப்படுபவளாக இல்லாமல் அவளைக் காப்பாற்றுபவளாகத் திரும்பச் சந்திக்க வேண்டும் என்பது ஹோமுராவின் ஆசை. அன்றிலிருந்து அதே மாதத்தை மறுபடி மறுபடி வாழ்கிறாள். ஏமாறுவதற்கு முந்தைய என்னைக் காப்பாற்று என்று ஒரு சுற்றில் மடோகாவே கேட்கிறாள். அவள் கேட்டுக்கொண்டபடி ஹோமுரா தன் கையாலேயே அவளைச் சுடவும் செய்கிறாள். அத்தியாயத்தின் கடைசியில்தான் தொடக்கப் பாடல் வருகிறது. இத்தனை நாள் மடோகாவின் பாட்டு என்று நாம் நினைத்தது ஹோமுராவின் வாக்குறுதி என்று அப்போது புரிகிறது.

அன்பு என்றே நான் சொல்வேன், ஆனால் யாரிடமும் பகிராத அன்பு. அவள் ஒவ்வொரு முறை காலத்தைத் திருப்பும்போதும் பல உலகங்களின் வினை இழைகள் மடோகா ஒருத்தி மேலேயே சுற்றி இறுகுகின்றன. அதனால்தான் மடோகாவின் சக்தி அவ்வளவு பெரிதாகி, கியூபே அவளை விடாமல் துரத்துகிறது. காப்பாற்றப் போனதே ஆபத்தை வளர்த்திருக்கிறது. இதைத் தெரிந்த பிறகு ஹோமுராவின் முகத்தைப் பாருங்கள், வெறி என்று சொல்ல வாய் வராது.

13. "பேருதான் மடோகா. கடைசி வரைக்கும் அழுதுக்கிட்டே நிக்கிறா. இவ ஹீரோயினா?"

அவள் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிறாள். மாமிக்கு இல்லாத அவகாசம், சாயாகா கேட்கத் தெரியாத கேள்வி, ஹோமுரா மறைத்த உண்மை எல்லாம் தெரிந்த பிறகு, விலையை முழுதாக அறிந்து ஒப்பந்தம் போடும் ஒரே பெண் அவள்தான். எட்டாம் கேள்வியில் சொன்ன அதே ஒப்பந்தத்தை, எழுதியவர்களுக்கு எதிராகவே திருப்புகிறாள்: இறந்த காலத்திலும் எதிர்காலத்திலும் எந்தச் சூனியக்காரியும் பிறக்கும் முன்பே என் கையால் இல்லாமல் போகட்டும் என்கிறாள்.

யாருடைய ஆசையையும் அவள் அழிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சாயாகா திரும்ப வருவதில்லை, ஆனால் கியோசுகே வாசிக்கிறான், அதை அவள் கேட்டுவிட்டுப் போகிறாள். ஆசைப்பட்டதே தப்பு என்று அந்தப் பெண்களிடம் யாரும் சொல்ல மடோகா இடம் கொடுக்கவில்லை. ஆசைப்பட்டால் அனுபவிக்கத்தான் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்பிள்ளைகளுக்கு இந்த முடிவு என்ன செய்கிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். படிவம் மூன்று மாணவி ஒருத்தி, "அப்ப அவங்க கேட்டது தப்பில்லதானே டீச்சர்?" என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் பையை எடுத்தாள்.

14. "புயல் நேரத்துல பெத்த பிள்ளைய எப்படி அம்மா வெளிய விட்டாங்க? நானா இருந்தா விட்டிருக்க மாட்டேன்."

அம்மாமார்கள் எல்லாரும் கேட்பது. மடோகாவின் அம்மா ஜுன்கோ வேலைக்குப் போகிறவர், அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டு தோட்டத்தில் தக்காளி வளர்க்கிறார். விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன அம்மாக்கள் இருந்த ஊரில் சம்பாதிக்கும் அம்மா அதிசயமில்லை. அப்பா சமைப்பதைத்தான் சிலர் உற்றுப் பார்க்கிறார்கள். ஆறாம் அத்தியாயத்தில் ஜுன்கோ மகளிடம், சின்ன வயதிலேயே விழுந்து பழகிக்கொள், பெரியவளானால் தவறு செய்யவும் முடியாமல் போகும் என்கிறார்.

பதினோராம் அத்தியாயத்தில் எல்லாரும் நிவாரண மையத்தில் இருக்கும்போது மடோகா வெளியே போக வேண்டும் என்கிறாள். ஜுன்கோ முதலில் கன்னத்தில் அறைகிறார், உன் உயிர் உன்னுடையது மட்டுமில்லை என்கிறார். பிறகு, நீ தப்புச் செய்யவில்லையே, யாரும் உன்னை ஏமாற்றவில்லையே என்று கேட்கிறார். இந்தத் தொடரில் ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்கும் ஒரே இடம் அது. பதிலை நம்பித்தான் விடுகிறார். விட்டது சரியா என்பதில் எங்கள் அம்மாக்களுக்குள் இன்னும் ஒற்றுமை வரவில்லை, வரவும் வேண்டாம்.

இந்த அத்தியாயத்தை ஜப்பானில் குறித்த நாளில் காட்ட முடியவில்லை. 2011 மார்ச் 11-இல் பெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. கடைசி இரண்டு அத்தியாயங்கள் ஏப்ரல் மாதப் பிற்பகுதியில்தான் ஒளிபரப்பாயின. நிவாரண மையக் காட்சியை அந்த மக்கள் எந்த மனநிலையில் பார்த்திருப்பார்கள் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

15. "ஆம்பளப் பசங்க இதெல்லாம் பாக்கலாமா?"

தாராளமாக. ஒன்பதாம் கேள்வியைக் கேட்டதே அவர்கள்தான்.

16. "ரெபெல்லியன் படம் எல்லாத்தையும் கெடுத்துடுச்சின்னு அண்ணன் சொல்றாரு. பாக்கணுமா வேணாமா?"

தொடரின் முடிவு உங்களுக்கு நிறைவாக இருந்தால் அங்கேயே நிறுத்தலாம், ஒன்றும் குறையாது. ஆனால் பன்னிரண்டாம் கேள்வியில் ஹோமுராவுக்காக வாதாடியவர்கள் பார்த்தே ஆக வேண்டும். சூனியக்காரி முறைதான் லாபம் என்று அறிந்த கியூபே இனம் மடோகாவின் சக்தியையே பிடிக்கப் பார்க்கிறது. அதைத் தடுத்த ஹோமுரா, தடுத்த கையோடு மடோகாவை அவள் இருந்த இடத்திலிருந்து பிடுங்கி, அவள் நினைவை மறைத்து, சாதாரணப் பெண்ணாகத் தன் உலகத்துக்குள் வைத்துக்கொள்கிறாள்.

கெடுத்துவிட்டது என்பவர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. பதின்மூன்றாம் பதிலில் சொன்னபடி மடோகா முழுதாகத் தெரிந்து எடுத்த முடிவை, அவளைக் கேட்காமலே ஹோமுரா மாற்றுகிறாள். கியூபே எதைச் செய்ததோ அதையே அன்பின் பெயரால் அவளும் செய்கிறாள். என் பார்வையில் படத்தின் பலம் அதில்தான் இருக்கிறது. உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லி, பிள்ளையின் படிப்பையும் கல்யாணத்தையும் அவளைக் கேட்காமல் முடிவு செய்வது நம் வீடுகளில் நடக்காததா? பெரியவர்களோடு சேர்ந்து பாருங்கள், பேச்சு படத்தோடு நிற்காது. இதன் தொடர்ச்சியாக இன்னொரு படத்தை 2021-இல் அறிவித்தார்கள்.

17. "முடிச்சாச்சு டீச்சர். அடுத்து என்ன பாக்கலாம்?"

மனம் கனத்திருந்தால் இரண்டாம் பதிலில் சொன்ன சகுராவுக்குப் போங்கள், பெரியவர்களுக்கும் அது நல்ல மருந்து. கதைக்குள் கதை பிடித்தவர்களுக்கு 2002-இல் வந்த 'இளவரசி டுடு' இருக்கிறது. அதில் ஒரு வாத்து பெண்ணாகி பாலே ஆடுகிறாள், தன் கதையை எழுதுபவனோடு மல்லுக்கு நிற்கிறாள். 1997-இல் வந்த 'உதெனா' 39 அத்தியாயங்கள். சைலர் மூன் பருவங்கள் சிலவற்றை இயக்கிய குனிஹிகோ இகுஹாராவின் படைப்பு. இளவரசனுக்காகக் காத்திருக்காமல் தானே இளவரசனாகப் போகிறேன் என்று கிளம்பும் பெண்ணின் கதை. அதில் சில விஷயங்கள் மடோகாவைவிடப் பெரியவர்களுக்கானவை. படிவம் ஐந்து இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்தவர்களோடு மட்டும் அதைத் தனியாகப் பார்க்க நினைத்திருக்கிறேன், வர விரும்புபவர்கள் டியூசன் நேரத்தில் சொல்லி வையுங்கள்.